பால் விலையில் நம் கூலி எங்கே?

மாட்டுக்காகவே விடிகாலையில் எழும் தாய்மார்களே!

"மானாவாரி நிலத்தை நம்பாதே, மாட்டை நம்பு. பத்து மாடு கட்டிப் பண்ணையா நடத்து, லாபம் கொட்டும்" என்று மேடை போட்டுப் பேசுகிறார்கள். பேசுகிறவர் எவரும் சாணி அள்ளியவர் இல்லை. நாமே கணக்குப் போடுவோம்.

கலப்பின மாடு ஒன்று. 300 நாள் கறவை, சராசரி 8 லிட்டர். 2023 டிசம்பரில் அரசு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து ஆக்கிய 38 ரூபாய் விலையில் நாள் வரவு 304 ரூபாய். நாங்கள் வாங்கும் விலையில் தீவனம் நாலரை கிலோ 135, வைக்கோல் 45, பசுந்தீவனம் 60; செலவு 240. மிச்சம் 64. பால் வற்றிய இரண்டு மாதமும் மாடு பட்டினி கிடக்குமா? தினம் 100 ரூபாய் என்றாலும் 6,000 போச்சு. வருசக் கணக்கில் நாளைக்கு 36 ரூபாய்! மாட்டு டாக்டர், சினை ஊசி, கடன் வட்டி எல்லாம் இதில்தான். எரு மிஞ்சும், கன்று மிஞ்சும், மறுக்கவில்லை. ஆனால் 2025-26ல் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி 336 ரூபாய். புருசன் பெண்டாட்டி இரண்டு பேர் உழைப்புக்கு இங்கே என்ன விலை?

நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டும்போது கொழுந்தாடையாவது கிடைக்கும். வேப்பூர், திட்டக்குடி மானாவாரியில் மழை பொய்த்தால் மக்காச்சோளத் தட்டைகூட இல்லை. பசும்புல் இல்லாத கோடையில் பாலில் சத்து குறையும். அந்த 38 ரூபாயும் முழுசா வராது. பத்து மாடு என்றால் நட்டமும் பத்து மடங்கு.

கரும்புக்கு 2025-26 பருவத்தில் 10.25 சதவீத பிழிதிறனுக்கு டன் 3,550 ரூபாய் என்று மத்திய அரசு அறிவித்தது. போதாதுதான், ஆனால் சண்டை போட ஒரு சட்ட விலை இருக்கிறது. பாலுக்கு அதுவும் இல்லை. ஊக்கத்தொகை விலை ஆகாது. தனியார் வண்டிக்கு ஊற்றுகிறவருக்கோ அந்த 3 ரூபாயும் கிடையாது.

1946ல் குஜராத் கேடா மாவட்ட விவசாயிகள் பம்பாய்க்குப் பால் அனுப்ப 15 நாள் மறுத்தார்கள். பால்சன் கம்பெனியின் ஏகபோகம் ஆட்டம் கண்டது. அமுல் அந்தப் போராட்டத்தில் பிறந்ததுதான்.

குடும்ப உழைப்பையும் சேர்த்து உற்பத்திச் செலவைக் கணக்கிடு! வருசாவருசம் விலையைத் திருத்து! தனியாருக்கும் அதே விலையைக் கட்டாயமாக்கு! கோடையில் வறட்சி வட்டங்களுக்கு மானிய விலையில் உலர்தீவனம் கொடு!

அடுத்த கிராம சபைக்குப் பால் அட்டையையும் தீவன ரசீதையும் கையோடு கொண்டு வாருங்கள். இந்த நான்கையும் தீர்மானமாக்கிக் கையெழுத்துப் போட்ட பிறகே கலைவோம்.