முன்மூடிக்கு என்ன அவசரம்?

1997 கார்வெட்டோடு வந்த ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ்1 எஞ்சினில், டைமிங் செயினை மறைக்கும் முன்மூடிக்கு இடம் காட்டும் டவல் பின் கிடையாது. போல்ட் துளைகளில் இருக்கும் சொற்ப இடைவெளியே போதும், மூடி ஒரு மயிரிழை தள்ளி உட்கார. அப்படி உட்கார்ந்தால் கிராங்க் சீல் ஒரு பக்கம் அழுந்தும். மறுபக்கம் எண்ணெய் கசியும்.

ஆனாலும் பலர் எடுத்தவுடன் போல்ட்டைத்தான் இறுக்குகிறார்கள்.

விவரம் தெரிந்தவர் போல்ட்டுகளை விரலால் மட்டும் திருகிவைத்து, கிராங்க் புல்லியைச் சீலுக்குள் நுழைத்து மூடியை நடுவுக்குக் கொண்டுவருவார். ஆயில் பேன் உட்காரும் விளிம்பு பிளாக்கோடு சமமா என்று ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் பார்ப்பார். அப்புறம்தான் டார்க் ரெஞ்ச். 25 நியூட்டன் மீட்டர். பேன் சேரும் இரு மூலைகளிலும் துளி சிலிக்கான். இதையெல்லாம் தாண்டிப் போனவர்கள், தரையில் எண்ணெய்ப் பொட்டைக் கண்டதும் புதுச் சீலைத் திட்டுகிறார்கள்.