செம்புப் பூச்சு யாருக்கு?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே, வன்னியம்பட்டி வட்டாரத்து உழைப்பாளிகளுக்கு எலும்பு முறிவு புதிதல்ல. தென்னையிலிருந்து விழுகிறவர் உண்டு. மில் இயந்திரத்தில் கை சிக்கியவர் உண்டு. வேலைக்குப் போகும் வழியில் ரோட்டில் அடிபடுகிறவர் உண்டு. முறிந்த எலும்பை உலோகத் தகடும் ஸ்குருவும் வைத்து இணைக்கிறார்கள். அந்த இடத்தில் சீழ் பிடித்துவிட்டால் அந்தக் குடும்பத்தின் கதி என்ன?

கிருமிகள் உலோகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றி வழவழப்பான படலத்தைக் கட்டிக்கொள்கின்றன. அந்தக் கோட்டைக்குள் மருந்து எளிதில் நுழைவதில்லை. பல சமயங்களில் மறுபடி அறுத்து, தகட்டையே எடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது ஆபரேஷன், மாதக்கணக்கில் படுக்கை, கூலி இழப்பு, கந்துவட்டிக் கடன்!

இதற்கு விஞ்ஞானிகள் தேடும் வழிகளில் ஒன்று, செம்பு கலந்த மெல்லிய உலோகப் பூச்சு. காற்று அகற்றிய கலத்தில் உலோகத்தை அணு அணுவாகச் சிதறச் செய்து, தகட்டின் மேல் படியவைக்கிறார்கள். தலைமயிரைவிடப் பன்மடங்கு மெல்லிய பூச்சு அது. அதிலிருந்து சிறுகச் சிறுகக் கசியும் செம்பு அயனிகள் கிருமியின் மேலுறையைச் சேதப்படுத்தி, உள்ளிருக்கும் புரதங்களைக் குலைக்கின்றன. படலம் கட்டுமுன்பே கிருமி மடிகிறது.

செம்பின் இந்தக் குணம் நம் ஜனங்கள் அறியாததல்ல. செம்புக் குடத்தில் 16 மணி நேரம் வைத்த தண்ணீரில் காலரா, டைபாய்டு, சீதபேதிக் கிருமிகள் அழிவதை பெங்களூர் ஆராய்ச்சியாளர்கள் 2012-ல் நிரூபித்தார்கள். காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இன்னொரு படி முன்னே சென்றது. டைட்டானியம், செம்பு, பல்லேடியம், ஜிர்க்கோனியம் சேர்ந்த பூச்சை எஃகின் மேல் படியவைத்து, அது அரிப்பைத் தாங்குமா, உயிரணுக்களுக்கு ஒத்துவருமா என்று சோதித்த முடிவு 2015-ல் வெளியாயிற்று. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் நிலையத்தின் சாதனை இது.

ஆனால், ஆராய்ச்சிச்சாலையில் வென்றது உடம்பிலும் வெல்லும் என்று அவசரப்படக் கூடாது. செம்பு அளவு மீறினால் மனித உயிரணுக்களையும் கொல்லும். டெப்யூ கம்பெனியின் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டை மறக்க முடியுமா? அந்த மூட்டுகளிலிருந்து கோபால்ட்டும் குரோமியமும் நோயாளிகளின் ரத்தத்தில் கலந்தன. 2010-ல் உலகம் முழுவதும் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இந்தியாவிலும் ஆயிரக்கணக்கானோருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. லாப வேகத்துக்கு மனித உடல் சோதனைக்களம் அல்ல!

விலையும் ஓர் அபாயம். ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் விற்ற கோபால்ட்-குரோமியம் முழங்கால் மூட்டுக்கு, 2017 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் 54,720 ரூபாய் உச்சவிலை விதித்தது. அந்த உத்தரவிலேயே டைட்டானியம் போன்ற விசேஷ உலோக மூட்டுக்கு 76,600 ரூபாய் அனுமதிக்கப்பட்டது. நாளை செம்புப் பூச்சும் "விசேஷம்" என்ற முத்திரையோடு வந்தால், அது யாருக்குக் கிட்டும்?

வேறு பாதை இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் உருவாக்கிய இருதய வால்வு 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இறக்குமதி வால்வைவிடக் குறைந்த விலையில் அது பல்லாயிரம் உயிர்களைக் காத்தது. இருதயத்துக்குச் சாத்தியமானது எலும்புக்கு ஏன் சாத்தியமாகாது?

ஆகவே சர்க்காரை வற்புறுத்துகிறோம்: பொதுத்துறை ஆராய்ச்சி நிலையங்களுக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்குக! நீண்டகாலப் பரிசோதனை முடியாமல் எந்தப் பூச்சையும் அனுமதியாதே! தேறியபின், விலையைக் கட்டுப்படுத்தி, சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கிடைக்கச் செய்க!

ராஜபாளையம் அருகே சத்திரப்பட்டியின் விசைத்தறிகள் உலகத்தின் காயங்களுக்குப் பேண்டேஜ் துணி நெய்கின்றன. அதை நெய்யும் தொழிலாளியின் காயம் சீழ் பிடித்துக் கிடக்க விடலாமா?