தரகுக்கு உழைப்பவன் தொழிலாளி அல்லனா?

யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காப்புறுதிக் கம்பனிகளின் வாசல்களில் "முகவர்கள் தேவை" என்னும் அறிவித்தலைக் காணாதார் இல்லை. ஆண்டு முழுவதும் ஆள் தேவைப்படுகிறதெனின், ஆண்டு முழுவதும் ஆட்கள் விலகுகின்றனர் என்பதன்றோ பொருள்?

அவ்வாறு விலகியோருட் சிலர் தம் ஒப்பந்தப் பத்திரங்களை எம்மிடம் கொணர்ந்தனர். சம்பளம் கிடையாது, பெற்றோல் செலவு கைக்காசு. காலைக் கூட்டத்துக்குக் கழுத்துப்பட்டியுடன் தவறாது வரவேண்டும். மாத இலக்குத் தவறினால் பலர் முன்னிலையில் எழுப்பி நிறுத்தி விசாரணை. பத்திரத்திலோ, "நீர் சுயாதீன ஒப்பந்தகாரர், எமது ஊழியர் அல்லர்" என்று வாசகம்! கழுத்துப்பட்டிவரை கட்டளையிடும் எசமான், ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம் கட்டவேண்டிய வேளையில் மட்டும் எசமான் அல்லாதவனாகி விடுகிறான். அப்பத்திரங்கள் யாவும் ஆங்கிலத்தில். 1961இல் தமிழுக்காகக் கச்சேரி வாசல்களில் சத்தியாக்கிரகம் இருந்தோரின் பேரப்பிள்ளைகள், தம் பிழைப்பைக் கட்டும் பத்திரத்தை விளங்காமலே ஒப்பமிடுகின்றனர்.

முதலாண்டுக் கட்டுப்பணத்தில் தரகு அதிகம். பின்னர் அது தேய்ந்துபோகும். ஆகவே மாதந்தோறும் புதிய ஆள் பிடிக்கவேண்டும். மாமன், சித்தப்பன், படிப்பித்த வாத்தியார் என்ற வட்டம் முடிந்த அன்றே அவ்விளைஞனின் வருமானமும் முடிகிறது. கம்பனிக்கு வேண்டியிருந்தது அவனுடைய உறவினர் பட்டியலே.

கமக்காரன் நிலை இன்னும் கொடிது. காலபோக நெல் விற்றால் கையிற் காசு. மற்ற மாதங்களில் கடன். மாதக் கட்டுப்பணம் அவனுக்கு எப்படிப் பொருந்தும்? 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. 2022இல் டொலரின் விலை 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியது. உரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் அலைந்தவன் எங்ஙனம் கட்டுப்பணம் கட்டுவான்? ஆரம்ப ஆண்டுகளிற் கைவிட்ட பத்திரத்துக்கு மீள்வது சொற்பம். பலவேளை ஒன்றுமே இல்லை. முகவருக்குக் கொடுத்த தரகையும் கம்பனி அடுத்த கணக்கிற் கழித்துக்கொள்கிறது. கமக்காரன் ஏசுவது கொழும்பு முகாமையாளரையா? வேலிக்கு அப்பால் இருக்கும் தன் மருமகனையே ஏசுகிறான். நன்மை தீமையில் முகங்கொடாத குடும்பங்களை நாம் அறிவோம்.

"திறமைசாலிகள் இலட்சக்கணக்கில் உழைக்கின்றனரே" என்பர். உழைக்கின்றனர்தாம். லொத்தரிலும் பரிசு பெறுவோர் உளர். அதற்காக லொத்தரை உத்தியோகம் என்று எவரும் அழைப்பதில்லை.

காப்புறுதியே தீது என்று நாம் கூறவில்லை. குடும்பத் தலைவனை இழந்த வீட்டுக்கு அதன் அருமை தெரியும். அதனை விற்பவனைக் கூலியின்றி அலைக்கழிப்பதையே எதிர்க்கிறோம்.

1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம், "தொழிலாளி" என்பதற்கு விரிந்த பொருள் தருகிறது. வேலை ஒன்றைத் தானே நேரிற் செய்துமுடிக்க ஒப்பந்தஞ் செய்தவனும் அதனுள் அடங்குவான். கம்பனி சூட்டிய பெயரைத் தாண்டி, உண்மையான உறவு யாதென்று ஆராயுமாறு தொழில் நியாய சபையைக் கேட்க இடமுண்டு. இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, முகவர்களின் ஒப்பந்தங்களைத் தமிழில் வழங்குமாறு பணிக்கட்டும். விலகிய முகவர்கள் கூட்டக் குறிப்பு, இலக்குக் கடிதம், தரகு கழித்த கணக்கு ஆகியவற்றைக் கிழித்தெறியாது எம்மிடம் கொணர்க. தனித்தனியே அன்று, பத்துப் பேர் சேர்ந்து வருக.