கொப்பியும் பையும் போதுமா?

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலராசிரியர் பணித்தபோது, நம் கல்லூரியின் பழம்பெருமையை எழுதலாமென்றே முதலில் எண்ணினோம். ஆயின், அப்பெருமையை எம்மினும் நன்கறிந்தோர் இம்மலரிலே பலர் உளர். ஆதலின், பழைய மாணவராகிய நாம் நற்கருத்தோடு செய்த ஒரு பிழையைப் பற்றி எழுதத் துணிந்தோம். சங்கத்து நண்பர் சிலர்க்கு இது உவப்பாயிராது. அவர் பொறுத்தருள்வாராக.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம்மவர் ஒரு குழுவாக நானுஓயாவுக்குச் சென்றோம். நுவரெலியாவுக்குச் செல்வோர் புகையிரதத்தை விட்டிறங்கும் அவ்வூர் கடல் மட்டத்துக்கு ஐயாயிரம் அடிக்கு மேலுள்ளது. நாற்புறமும் தேயிலை, தேயிலைக்கிடையே லயங்கள். அங்குள்ள தோட்டப் பாடசாலை ஒன்றன் பிள்ளைகளுக்குக் கொப்பிகளும், நம் கல்லூரியின் பெயர் பொறித்த புத்தகப் பைகளும் கொடுத்தோம். பிள்ளைகள் வரிசையாக நின்று வாங்கினர். நாமும் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டோம். அதிபர் நன்றி கூறினார். மாலையில் நுவரெலியாக் குளிரிலே உலாவி, மறுநாள் வீடு திரும்பினோம். படங்கள் சங்கத்தின் ஆண்டறிக்கையை அலங்கரித்தன.

ஈராண்டு கழித்து வேறொரு கருமமாக அவ்வழி சென்ற நாம், நானுஓயா நிலையத்திலே கொழும்பு வண்டிக்குக் காத்திருந்தபோது அப்பைகளுள் ஒன்றைக் கண்டோம். பதினாறு வயது மதிக்கத்தக்க பையன் ஒருவன் அதனைத் தோளில் மாட்டியிருந்தான். உள்ளே இருந்தவை புத்தகங்களல்ல, உடுப்புகள். புறக்கோட்டையிலே ஒரு கடைக்கு வேலைக்குப் போகிறானாம். படிப்பு என்னவாயிற்று என்று கேட்டோம். "சாதாரண தரத்துல கணக்கு பெயிலுங்க சேர். ரெண்டு வருசமா எங்களுக்குக் கணக்கு சேர் இல்ல" என்றான். பையிலிருந்த பெயரை அவன் ஒரு பொருட்டாக எண்ணியவனல்லன். பை உறுதியான பை என்று மட்டும் பாராட்டினான்.

அன்று வண்டியிலே நாம் அதிகம் பேசவில்லை. கணக்கு ஆசிரியரின்றித் தவித்த பிள்ளைக்கு நாம் கொடுத்தது பை.

தோட்டத்துப் பிள்ளைக்கு எழுத்தறிவு வேண்டுமென்ற பேச்சு நேற்றுத் தோன்றியதன்று. 1907 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும், அதன்பின் 1920 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் தோட்டத்துச் சிறார்க்குக் கல்வி வசதி அளிக்கும் கடமையைத் தோட்டச் சொந்தக்காரர்மீது சுமத்தின. சுமத்தியும் என்ன? ஓர் அறை, ஓர் உபாத்தியாயர், ஐந்தாம் வகுப்போடு முற்றுப்புள்ளி என்ற நிலையே பெரும்பாலும் நீடித்தது. கற்ற பிள்ளை கொழுந்து பறிக்க வராது என்று அஞ்சிய துரைமார் பாடசாலையைப் பெருப்பிக்க விரும்புவாரா? 1945 இல் கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வித் திட்டம் நாடெங்கும் ஒளி பரப்பியபோதும் அவ்வொளி தோட்டத்து எல்லையிலே மங்கிவிட்டது. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றோராக்கிற்று. வாக்கில்லாதவரின் பாடசாலைக்காக யார் வாதாடுவர்? தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது எழுபதுகளின் பிற்பகுதியிலேதான். ஏனைய ஊர்கள் ஒரு தலைமுறைக்கு முன்னரே பெற்றுவிட்டதனைத் தோட்டம் அப்போதுதான் பெறத் தொடங்கிற்று.

இவ்வளவையும் மீறி மலையகம் தன் முயற்சியால் எழுந்தது என்பதை மறத்தலாகாது. அறுபதுகளில் ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் ஆசிரியராயும் அதிபராயும் விளங்கிய இர. சிவலிங்கம் அவர்கள், அம்மண்ணிலே பிறந்து அம்மண்ணின் இளைஞரைத் தட்டியெழுப்பியவர். அக்காலத்து மாணவர் பலர் ஆசிரியராயினர். அவ்வாசிரியர் தத்தம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வழிகாட்டினர். ஆதலின், கைநீட்டி நிற்கும் மக்களுக்குக் கொடைகொடுக்கப் போகிறோம் என்னும் எண்ணத்தோடு எவரேனும் மலையேறுவராயின், அவர் வீட்டிலேயே இருப்பது நன்று.

இன்னுமொன்று சொல்லவேண்டும். சொல்ல நாக்கூசுகின்றது. யாழ்ப்பாணத்திலே நம் மூத்தோர் பலர் மலையகத்தவரை இழிசொல்லால் அழைத்ததுண்டு. அது பழங்கதை என்று தள்ளிவிடலாம். பழங்கதையாகாத ஒன்று உண்டு. பல்கலைக்கழக அனுமதியிலே பின்தங்கிய மாவட்டங்களுக்கு ஒதுக்கீடு உண்டு. நுவரெலியா அவற்றுள் ஒன்று. வேறு மாவட்டத்துப் பிள்ளைகளைப் பெற்றோர் அங்குள்ள பாடசாலைகளிலே சேர்த்து, அவ்வொதுக்கீட்டு வழியாக விஞ்ஞான, மருத்துவத் துறைகளுக்கு அனுப்ப முயல்கின்றனர் என்னும் முறைப்பாடு பலமுறை எழுந்துள்ளது. அம்முறைப்பாட்டில் நம் வீடுகளும் அடங்கும் என்பதை நம்மவர் அறிவர். ஒரு கையாற் பையைக் கொடுத்து மறுகையால் இருக்கையை எடுத்துக்கொள்வது எவ்வகைத் தருமம்?

நாவலர் பெருமானை நாம் அடிக்கடி மேடையிலே நினைவுகூர்கின்றோம். அவர் மெதடிஸ்த பாடசாலையிலே ஊதியம் பெற்று ஆற்றிய பணியைத் துறந்து, 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அதனை நடத்தப் பிடியரிசி சேர்த்தார். வீடுதோறும் உலையிலிடும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்தனர். அப்பிடி சிறிது; ஆனால் நாடோறும் எடுக்கப்பட்டது. ஒருநாள் ஒரு மூட்டையைக் கொடுத்துவிட்டு அவ்வாண்டு முழுவதும் மறந்திருந்தால் அவ்வித்தியாசாலை நின்றிருக்குமா? நாம் நானுஓயாவிலே செய்தது மூட்டைத் தருமம்.

தோட்டத்துப் பிள்ளைக்கு வேண்டுவது கிழமை தவறாது வரும் ஒரு முகம். பாடசாலை விட்டு வீடு சேர்ந்தால், பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவிலே பெற்றோரும் பாட்டனும் தம்பி தங்கையரும் அடுப்பும் இருக்க, அங்கே கொப்பியை விரிக்க இடமேது? தனியார் வகுப்புக்கு அனுப்பலாமென்றால் காசேது? தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டதே 2021 இலேதான். நகரத்துப் பிள்ளை மூன்று பாடத்துக்கு மூன்று வகுப்புக்கு ஓடுகின்றது. தோட்டத்துப் பிள்ளைக்குப் பாடசாலை ஆசிரியரை விட்டால் வேறு வழியில்லை. அவ்வாசிரியரும் கடினப் பிரதேசமென்று இடமாற்றம் தேடிப் போய்விட்டால் கதை முடிந்தது. இடமாற்றம் தேடியோருள் நம்மவர் எத்தனை பேர் என்று கேட்டு யாரையும் நோகச்செய்ய விரும்பவில்லை.

உதவி செய்யும் கைகள் தோட்டத்திலேயே உள. உயர்தரம் முடித்துவிட்டு வேலையின்றி இருக்கும் பெண்பிள்ளைகளும் இளைஞரும் கோயில் மண்டபத்திலோ வாசிகசாலையிலோ மாலையிலே சிறு பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கற்பிக்கின்றனர். கூலியில்லை, ஆண்டறிக்கையில் அவர் படம் வருவதுமில்லை. இத்தகையோரை நம் அரசாங்கங்களும் மலிவாகவே மதித்தன. பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு மூவாயிரம் பேரளவில் ஆசிரிய உதவியாளரை நியமித்தபோது அவர்க்கு முதலிலே கொடுத்தது மாதம் 6,000 ரூபா. பின்னர் 10,000 ஆக்கினர். பேருந்துச் செலவு போக அதில் மிச்சம் எவ்வளவென்று கணக்கிட உயர்தரக் கணிதம் வேண்டா.

ஆகவே எம் கருத்து இது. புத்தகப் பைக்குச் செலவிடும் பணத்தை, மாலை வகுப்பு நடத்தும் அவ்விளைஞர்க்கு மாதந்தோறும் கைச்செலவுக்கு அனுப்பவேண்டும். அவர்க்கும் கைவராத கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் கற்பிக்க, நம்முள் இளைப்பாறிய ஆசிரியர் சென்று ஒரு தவணையேனும் தங்கவேண்டும். ஒருநாட் பயணம் வேண்டா. கல்லூரி மாணவர் விடுமுறையிற் சென்று உதவ விரும்பின் நன்றே. ஆனால் அவர் அங்குள்ள ஆசிரியர்க்குக் கீழ்ப்படிந்து வேலை செய்யட்டும், தலைமை தாங்கப் போகவேண்டா.

இது வெறும் ஆலோசனையன்று. கணிதம் கற்பித்து இளைப்பாறிய நண்பர் இருவர் சென்ற ஆண்டு ஒரு தவணை நானுஓயாவிலே அறையெடுத்துத் தங்கினர். ஒருவர்க்கு எழுபது வயது. குளிருக்கு இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு உறங்கினாராம். ஒன்பதாம் வகுப்புக்கு அட்சரகணிதம் கற்பிக்கத் தொடங்கிய அவர், பின்னம் தெரியாத பிள்ளைகளைக் கண்டு, பெருமை பாராது ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தைக் கையிலெடுத்தார். முதல் மாதம் பிள்ளைகள் வாய் திறக்கவில்லை. இரண்டாம் மாதம், மழையிலும் குடையின்றி நனைந்து வந்தனர். தவணை முடிவிலே, மாலை வகுப்பு நடத்தும் பெண்பிள்ளை பின்னத்தை எவ்வாறு கற்பிப்பதென்று அவரிடம் கற்றுக்கொண்டு, தானே நடத்தி வருகின்றாள்; ஐயம் எழும்போது தொலைபேசியிலே கேட்கின்றாள். பரீட்சைப் பெறுபேறு எவ்வாறிருக்குமென இப்போதே சொல்ல இயலாது.

இருவரும் மீண்டும் செல்ல இசைந்துள்ளனர். அறை வாடகையைச் சங்கம் ஏற்றுள்ளது. விஞ்ஞானத்துக்கு இன்னும் ஒருவர் கிடைக்கவில்லை.