தாயத்தா? தடியா?

பாம்பன் கடலில் பாசி எடுக்க மூழ்கி எழும் நமது பெண்மக்களுக்கு மூச்சையும் கைகால்களையும் அடக்கியாளத் தெரியும். அப்பேர்ப்பட்டவர்களுக்கு, இருட்டில் போனால் காப்பதற்கென்று மந்திரித்த கறுப்புக் கயிற்றைக் கட்டி அனுப்புகின்றார்களே! கையைப் பிடித்திழுக்கும் காலிப்பயல் கயிற்றைக் கண்டா பயப்படுவான்?

தோழர்களே! நம் சீமையில் வித்தைக்கா பஞ்சம்? சிலம்பம் இருக்கின்றது. அதில் முதலில் காலடி. அடி விழுமிடத்தில் நில்லாமலிருப்பதே பாதி வித்தை. கம்பில்லாத வேளைக்குக் குத்துவரிசை. தூரத்து எதிரிக்கு வளரி என்னும் வளைந்த எறிதடி இருந்தது. 1795-இல் சின்னமருது தமக்கே அதை எறியக் கற்றுக்கொடுத்ததாகக் கும்பெனி அதிகாரி வெல்ஷ் எழுதி வைத்திருக்கின்றார். (1801-இல் அதே வெல்ஷ் மருதுவை எதிர்த்த படையில் இருந்தார் என்பது வேறு விஷயம்.) அவ்வருஷமே கும்பெனியார் ஆயுதப் பழக்கத்தைத் தடுத்தார்கள். எந்த மந்திரம் குறுக்கே வந்தது?

மிச்சத்தைக் கெடுத்தது யார்? வர்மத்தைத் தேவரகசியமென்று மூடி, ஜாதியும் தட்சணையும் பார்த்து, பெண்ணென்றால் கதவடைத்த ஆசான்மாரல்லவா? தொண்டையிலும் விலாவிலும் முழங்காலிலும் அடிபட்டால் எவனுக்கும் வலிக்கும், இதிலென்ன ரகசியம்? கத்தியோடு நிற்பவனிடமிருந்து கூச்சலிட்டு ஓடுவதும் தற்காப்பே என்பதையும் சொல்லிவிடுகின்றோம். அதில் மானக்கேடில்லை.

சாமி ஊர்வலத்தின் முன் வேடிக்கை காட்டவா கம்பு? ஊர்வரியில் கொடைக்குப் போவதில் காற்பங்கை எடுத்து, பெண்பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கம்பும், சொல்லிக்கொடுக்க ஓர் ஆசானும் ஏற்பாடு செய்தால் எந்தச் சாமி கோபித்துக்கொள்ளும் என்று கேட்கின்றோம்.