சாமுராயும் எருமை காத்த வீரனும்

டெலிவிஷன் திரையில் வாள் சுழல்கிறது. குதிரை பாய்கிறது. பகைவர்கள் சாய்கிறார்கள்!

கல்லூரியில் படிக்கும் மகன், கையில் உள்ள பொத்தான்களை அழுத்திக்கொண்டே இருக்கிறான். "சாப்பிட வாடா!" என்று தாய் கூப்பிடுகிறாள். அவன் காதில் விழவில்லை. அவன் இப்போது ஜப்பானில் இருக்கிறான்!

இந்த வீடியோ விளையாட்டின் பெயர் "கோஸ்ட் ஆப் சுஷிமா". 2020-ம் ஆண்டு வெளிவந்தது. இதைத் தயாரித்தவர்கள் அமெரிக்கர்கள். 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உரியது என்று அங்கே தரம் குறித்திருக்கிறார்கள். சிறு பிள்ளைகளிடம் இதைக் கொடுக்கக்கூடாது.

கதை நடப்பது, சுஷிமா என்ற தீவில். 1274-ம் ஆண்டு மங்கோலியர்கள் அங்கே படையெடுத்து வந்தார்கள். "சாமுராய்" என்ற போர்வீரர்கள் எதிர்த்து நின்றார்கள். தீவின் தலைவர் சோ சுகெகுனி, சுமார் 80 குதிரை வீரர்களுடன் போரிட்டு மாண்டார். இது சரித்திரம். விளையாட்டில் வரும் கதாநாயகன் கற்பனை.

2020-ல் அந்தத் தீவில் புயல் வீசியது. ஒரு கோவிலின் தோரண வாயில் சாய்ந்தது. அதைத் திரும்ப எழுப்ப நிதி திரட்டினார்கள். இந்த விளையாட்டின் ரசிகர்களும் பணம் கொடுத்தார்கள்!

விளையாட்டில் பார்த்த ஊர், அவர்களுக்குச் சொந்த ஊர் போல ஆகிவிட்டது.

நம் ஊர் வீரர்களை நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது செங்கம். அந்தப் பகுதியில் ஏராளமான நடுகற்கள் உண்டு. போரில் இறந்த வீரனுக்காக நட்ட கல், நடுகல். தமிழ்நாடு தொல்லியல் துறை, "செங்கம் நடுகற்கள்" என்று 1972-ல் ஒரு புத்தகமே வெளியிட்டது.

அங்கே எடுத்தனூரில் ஒரு நடுகல். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது. சுமார் 1,400 ஆண்டு பழையது! எருமைகளைக் காக்கப் போரிட்டு இறந்தான் ஒருவன். அவன் பெயர் கருந்தேவக்கத்தி. அவனோடு ஒரு நாய். அது கள்ளரைக் கடித்தது, காவலாக நின்றது. நாயின் உருவத்தையும் கல்லில் செதுக்கி, "கோவிவன்" என்று அதன் பெயரையும் பொறித்தார்கள்!

அவன் மன்னன் அல்ல. காத்தது கோட்டையும் அல்ல, எருமைகளை! ஆனாலும் ஊர் அவனை மறக்கவில்லை. நாயையும் மறக்கவில்லை. இதுவல்லவா நன்றி!

சில நடுகற்களை மக்கள் "வேடியப்பன்" என்று இன்றும் கும்பிடுகிறார்கள். கும்பிடாத கற்களுக்குத்தான் ஆபத்து. எழுத்து தேய்ந்தால், வீரனின் பெயரும் அழிந்துவிடும்.

ஆகவே பெற்றோர்களே! விளையாடும் பிள்ளையைத் திட்டிப் பயன் இல்லை. எருமை காத்த வீரன் கதையைச் சொல்லுங்கள். விடுமுறையில் செங்கம் பக்கம் அழைத்துப் போய் நடுகல்லைக் காட்டுங்கள்.

உங்கள் நிலத்தில் எழுத்து உள்ள கல் கிடைத்தால் பெயர்க்காதீர்கள். அதில் கத்தி தீட்டாதீர்கள். சுண்ணாம்பு பூசாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள்.

ஊரைக் காக்க அவன் உயிரைக் கொடுத்தான். அவன் கல்லையாவது நாம் காக்க வேண்டாமா?