பயிற்சி மட்டும் போதுமா?

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கு மனநலப் பயிற்சி அளிப்பது 1982-இல் தொடங்கிய தேசிய மனநலத் திட்டத்தின் அடிப்படை. அது சாத்தியமே என்பதை பெல்லாரியில் நிம்ஹான்ஸ் நடத்திய முன்னோடித் திட்டம் காட்டியது. 1996-இல் மாவட்ட மனநலத் திட்டமும் பிறந்தது. ஆயினும், சிகிச்சை தேவைப்படுவோரில் நோய்க்கேற்ப 70 முதல் 92 சதவீதம் பேர் அதைப் பெறவில்லை என்கிறது 2015-16 தேசிய மனநல ஆய்வு.

கோளாறு எங்கே? சில நாள் பயிற்சி பெற்றுத் திரும்பும் மருத்துவர், காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் நடுவே, தூக்கமில்லை என்று வரும் பெண்ணின் மனச்சோர்வைக் கண்டறிய வேண்டும். ஆலோசனை கூற அருகில் உளவியலாளர் இல்லை. அவர் இடமாற்றம் பெற்றால் பயிற்சியும் அவருடனேயே போய்விடும்!

அரசு மருத்துவர் அனைவருக்கும் பயிற்சி, 10 ஆண்டுகளில் போதிய நிபுணர்கள் என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் பணித்தது. கெடு 2028. உளவியலாளர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பயிற்சியும் நிரந்தரப் பணியிடமும் அளிக்க மத்திய, மாநில அரசுகள் இனியும் தயங்கலாகாது.